மணம் தெரியாதவர்களுக்கு ஓர் ஐஸ்கிரீம்

நான் வேலை பார்த்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் இப்போதெல்லாம் புதிய சுவைகளைக் கணினி சொல்கிறதாம். அங்கே சோதனைக்கூடத்தில் இருக்கும் இரண்டு பெண்கள் சென்ற மாதம் ஈப்போவில், சிலிபினில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். கைப்பேசியைத் திறந்து காட்டினார்கள். டுரியானும் கறுப்பு எள்ளும், மரவள்ளிக்கிழங்கும் உப்பு முட்டையும், வெற்றிலையும் வெள்ளைச் சாக்லேட்டும் என்று திரை கீழே போய்க்கொண்டே இருந்தது.

"ஆண்ட்டி, உங்க காலத்துல ஐடியாவுக்கு எங்க போவீங்க?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐடியாவுக்கு எங்களிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. லோரி ஓட்டுநர் ஒன்று சொல்வார், வாசலில் நிற்கும் காவலாளி ஒன்று சொல்வார், கேண்டீன் அக்கா ஒன்று சொல்வார். கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். நினைத்த சுவை குளிரில் நிற்க வேண்டும், பாலோடு ஒத்துப்போக வேண்டும், ஒரு கரண்டி சாப்பிட்டவர் அடுத்த கரண்டிக்குக் கையை நீட்ட வேண்டும். அவர்களுக்கு அன்று அரைகுறையாகத்தான் சொன்னேன். "இதையெல்லாம் எழுதி வைங்க ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தை விற்று, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. நான் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் கப்புக்கு மூடி போடும் வரிசையில் சேர்ந்தேன். கையுறைக்குள் விரல் விறைத்துப்போகும் வேலை. சில வருஷம் அதில் ஓடியது.

என்னைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டவர் மேடம் சொங். எங்கள் தொழிற்சாலையில் சுவைகளுக்குப் பொறுப்பானவர் அவர்தான். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த கான்டனீஸ் பெண்மணி, வெளிநாட்டில் உணவியல் படித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒருநாள் வரிசையில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு கரண்டி வெனிலா கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். என் முறை வந்தபோது, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். சொன்ன பிறகு பயந்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பால் பவுடர் பழசாகிப்போனால் அந்த வாடைதான் வரும் என்றும், அதற்குச் சரியான பெயரே அட்டை வாடைதான் என்றும் பிறகு அவரே சொன்னார். அடுத்த வாரம் நான் வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாயும் இங்கிலீஷும் கலந்து என்னோடு பேசுவார். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். நடுவில் வரும் 'லா' மட்டும் அவருடையதேதான். குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் சோதனைக்கூடத்துக்குள் 'நல்லா இருக்கு' என்ற வார்த்தைக்கு இடமில்லை. யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், "நல்லா இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? உன் வாய் உன்கிட்ட இருக்கு, என்கிட்டயா இருக்கு?" என்பார். முதலில் என்ன வந்தது, நடுவில் என்ன வந்தது, விழுங்கிய பிறகு என்ன நின்றது, அதைச் சொல்ல வேண்டும். வாசனைத் தைலம், மல்லிகைப்பூ, கைக்குத் தடவும் கிரீம் எதுவும் உள்ளே வரக்கூடாது. சுவை பார்க்கும் நாளில் காலையில் காரம் சாப்பிடக்கூடாது. நான் கறிவேப்பிலை தாளித்துவிட்டு வந்திருந்தால் கதவைத் திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்.

சுவை பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே வாயில் வைக்கக்கூடாது. விளிம்பு இளகும்வரை காத்திருக்க வேண்டும். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ஐஸ்கிரீம் நாக்கில் படும்படி வைக்க வேண்டும். உருகியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட வேண்டும். "சுவையில முக்கால்வாசி மூக்குதான், லா. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்புன்னு மட்டும்தான் சொல்லும். மாம்பழமா பலாப்பழமான்னு சொல்றது மூக்கு" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்.

புதிய சுவை ஒன்றைச் செய்வது என்றால் பாலும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த கலவையை முதலில் சூடாக்கி, ஆறவைத்து, ஓர் இரவு முழுக்கக் குளிரில் ஓய்வெடுக்க விடுவோம். மறுநாள் அதைச் சின்ன இயந்திரத்தில் ஊற்றிக் கடைந்து காற்றை ஏற்றுவோம். குளிர் நாக்கை மரக்கவைத்துவிடும் என்பதால் கலவை வாய் கூசும் அளவுக்கு இனிப்பாக இருந்தால்தான் உறைந்தபின் சரியாக வரும். பானமாகக் குடிக்கும்போது அருமையாக இருப்பது ஐஸ்கிரீமானதும் காணாமல் போய்விடும். இப்படித் தொலைந்துபோன சுவைகளை எண்ண முடியாது.

பீடோர்க் கொய்யா அப்படித் தொலையப் பார்த்துத் தப்பித்த ஒன்று. கொய்யாக் கூழைப் பாலில் கலந்தால் சுவை மங்கி, மணல்போல் நறநறவென்று ஆனது. எங்கள் ஊரில் கொய்யாவை அசாம்போய்த் தூள், அதாவது உப்பும் புளிப்புமான காய்ந்த பிளம் பழத்தின் தூள், தொட்டுத்தானே சாப்பிடுவோம் என்று நான் சொன்னேன். மேடம் பாலையே பாதியாகக் குறைத்து, தூளைக் கடைசியில் வரிவரியாக ஓடவிட்டார். அது இன்றைக்கும் விற்கிறது. அதே பீடோரில் கிடைக்கும், நாற்றத்துக்குப் பேர்போன பெத்தாய்க்காயில் அவர் செய்து பார்த்ததும் உண்டு. அன்று தொழிற்சாலை முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. மேடம் மட்டும் ஒரு கப் முழுவதையும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "விக்காது. ஆனா பொய் சொல்லாத சுவை" என்றார். லக்சா நூடல்ஸில் போடும் இளஞ்சிவப்புப் பூவான பூங்கா கந்தானில் ஒன்று செய்தோம். அதைச் சாப்பிட்ட எங்கள் நிர்வாகி திரு. சிவபாலன், "இது முகம் கழுவுற சவர்க்காரம் போல கிடக்கு" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சிவபாலன் சிலோன் தமிழர், நல்ல மனிதர், எதையும் விற்பனைக் கண்ணால் மட்டும் பார்ப்பவர். பிறகு அதிலே எலுமிச்சை சேர்த்து, ஒரு பெருநாள் காலத்தில் விற்றுவிட்டோம்.

இப்படியே காலம் போயிருக்கும். இடையில் கோவிட் வந்தது.

நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து தொழிற்சாலை மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு மேடத்துக்கும் அந்தக் காய்ச்சல் கண்டது. தனிமையில் இருந்து குணமாகி வேலைக்குத் திரும்பினார். கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி பழைய மேடம்தான். ஆனால் சின்னச் சின்ன விஷயங்கள் எனக்கு உறுத்தின. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கூந்தல் தைலம் மணக்க மணக்க உள்ளே வந்தாள். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்து வெனிலா சாறு தரையில் கொட்டியது. தலையைக்கூடத் திருப்பவில்லை. சுவை பார்க்கும் நேரத்தில் எல்லோரையும் விட்டுவிட்டு என்னையே முதலில் கேட்டார். நான் சொன்னதையே கொஞ்சம் மாற்றி அவரும் சொன்னார். காய்ச்சலின் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் புலுட் ஈத்தாமில் ஒரு சுவை தயார் செய்துகொண்டிருந்தோம். கறுப்பு அரிசிக் கஞ்சியில் சந்தான், அதாவது தேங்காய்ப்பால், ஊற்றிச் சாப்பிடுவோமே, அதுதான். சோதனையெல்லாம் முடிந்து, பெரிய இயந்திரத்தில் ஓட்டுவதற்கு முன் கடைசி மாதிரி வந்தது. மேடம் ஒரு கரண்டி எடுத்தார். கவிழ்த்துப் பிடித்தார். வாயை மூடி மூச்சை விட்டார்.

"ஓகே, லா. சந்தான் அழகா வந்திருக்கு. ஓட்டச் சொல்லு" என்றார்.

அதன் பிறகுதான் நான் என் கரண்டியை வாயில் வைத்தேன். தேங்காய்ப்பால் கெட்டுப்போயிருந்தது. லேசாக அல்ல. சோப்பு நுரையை நக்கிய மாதிரி தொண்டைவரை நின்றது.

சில சமயம் எங்களைச் சோதிக்க மேடமே கெட்ட மாதிரி ஒன்றை வைப்பதுண்டு. அப்படி ஏதோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே பெரிய இயந்திரத்தைக் கழுவி முடித்து ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தக் கலவை ஓடினால் மாநிலம் முழுக்கக் கடைகளுக்குப் போகும். சாப்பிட்டவர்கள் துப்புவார்கள். சிறுபிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டவும் கூடும். அதைவிட, அறையில் இன்னும் நான்கைந்து பேர் கரண்டியோடு நின்றார்கள். அவர்கள் வாயில் வைத்தால் மேடம் தவறவிட்டது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கு முன் நான் பேச வேண்டும்.

"மேடம், குளிர் அறையில ஒண்ணு காட்டணும். இப்பவே வாங்க" என்றேன். எல்லோருடைய கப்பையும் தட்டோடு எடுத்துக்கொண்டேன்.

குளிர் அறையின் கதவு மூடியதும் எங்கள் இருவர் மூச்சும் புகையாக வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"சந்தான் கெட்டுப்போச்சு மேடம்."

அவர் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். ஒரு கப்பை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். இன்னும் கிட்டே கொண்டுபோனார். மூக்கு நுனியில் ஐஸ்கிரீம் ஒட்டிக்கொண்டது.

"எவ்வளவு கெட்டிருக்கு?"

"சோப்பு மாதிரி இருக்கு மேடம்."

"எனக்கு ஒண்ணுமே தெரியல, லெச்சுமி" என்றார். "காய்ச்சல் வந்ததுலேருந்து. சில்லுனு இருக்கு, இனிக்குது, அவ்வளவுதான். வெனிலா, சாக்லேட், டுரியான் எல்லாம் ஒண்ணுதான். டாக்டர் திரும்பி வந்துரும்னு சொல்றாரு. எப்போன்னு சொல்லல."

நான் அவர் மூக்கைத் துடைத்துவிட்டேன். அதுவரை அவரைத் தொட்டதே இல்லை.

"கொஞ்ச நாள் குடு" என்றார் அவர். "யாருக்கும் தெரிய வேணாம். நீ சொல்லு, நான் முடிவு பண்றேன். வந்துரும், லா. வந்துட்டா யாருக்கும் தெரியாமலே போயிரும்."

அவர் என்னிடம் எதையும் கேட்டவரே அல்ல. முடியாது என்று எப்படிச் சொல்வது? அதேசமயம் என் நாக்கில் அந்தச் சோப்புச் சுவை இன்னும் இருந்தது.

"நான் சொல்றேன் மேடம். எப்பவும் சொல்வேன்" என்றேன். "ஆனா ஒருநாள் நான் லீவுல இருந்தா?"

அவர் கையிலிருந்த கப்பைத் தட்டில் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், கையெழுத்திட்ட தாளை வாங்கிக் கிழித்தார். தேங்காய்ப்பால் சரியில்லை, எல்லாவற்றையும் கொட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அன்று மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலையில் திரு. சிவபாலன் உட்பட எல்லோரையும் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். நின்றபடியே பேசினார்.

"என் மூக்கு வேலை செய்யல. நேத்து கெட்டுப்போன சந்தானை நான் பாஸ் பண்ணேன். லெச்சுமி நிறுத்தினா. இனிமே என் கையெழுத்து மட்டும் இருந்தா எதையும் ஓட்டாதீங்க. அவ கையெழுத்தும் இருக்கணும்."

சிவபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, "மேடம், நீங்கள் கொஞ்ச நாள் வீட்டில நின்று ஆறுதல் எடுங்கோவன்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். பினாங்கில் இருக்கும் முதலாளி ஏற்கெனவே சோதனைக்கூடத்தை மூடிவிட்டு, வெளிநாட்டிலிருந்து தயார் சுவைகளை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவை தெரியாத தலைமைச் சுவைஞர் என்றால் அவருக்கு அது போதும்.

"தீபாவளிக்கு ஒரு புதுச் சுவை கேட்டிருக்கீங்க" என்றார் மேடம். "அதை முடிச்சிட்டுப் போறேன்."

எதை வைத்து முடிக்கப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அப்போது புரிந்திருக்காது.

அந்த நாட்களில் கேண்டீனில் அவர் சாப்பிடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சோற்றைத் தண்ணீர் விட்டு விழுங்குவார். முன்பு நூடல்ஸ் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தே எந்தக் கடை என்று சொன்னவர். ஒருநாள் என் சாப்பாட்டுப் பாத்திரத்தில் தயிர்ச்சோறும் பொரித்த மோர்மிளகாயும் இருந்தன. அந்தக் கறுத்த மிளகாயை உற்றுப் பார்த்து, அது என்ன என்று கேட்டார்.

"மோர்ல ஊறவெச்சு வெயில்ல காயப்போட்ட மிளகாய் மேடம். பொரிச்சது. உங்களுக்கு வேணாம், எரியும்."

அவர் ஒன்றை எடுத்து முழுதாக வாயில் போட்டுக் கடித்தார். நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் தண்ணீர்க் குவளையை நகர்த்தினேன். அவர் கையால் தடுத்தார்.

"தெரியுது" என்றார்.

"என்ன தெரியுது மேடம்?"

"உப்பு தெரியுது. புளிப்பு தெரியுது. அப்புறம் இங்க." கன்ன எலும்பைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஏதோ நடக்குது, லா. இது வாசனை இல்ல, சுவையும் இல்ல. இது வேற வழியா வருது."

பிறகு அவர் எனக்கு விளக்கினார். மிளகாயின் எரிச்சல், இஞ்சியின் சுள்ளென்ற உறைப்பு, மிளகின் குத்தல், புதினாவின் குளிர்ச்சி இவை மூக்கின் வழியாகத் தெரிவதில்லை. முகத்தில் ஓடும் வேறொரு நரம்பு அவற்றை உணர்கிறது. மொறுமொறுப்பைப் பல்லும் காதும் உணர்கின்றன. படித்த காலத்தில் பரீட்சைக்கு எழுதிய விஷயம்தானாம். "எழுதினேன், பாஸ் ஆனேன், மறந்துட்டேன். மூக்கு இருந்தப்போ அது தேவைப்படல" என்றார். அப்படியே மேசையைத் தட்டினார். "ஈப்போவுல மட்டும் என்னை மாதிரி எத்தனை பேரு இருப்பாங்க, லெச்சுமி? அவங்களுக்கு யாரு ஐஸ்கிரீம் செய்றா?"

அன்று மத்தியானமே வேலையை ஆரம்பித்தோம்.

அடிப்படைக்குப் பாலோடு தயிரைச் சேர்த்தோம், புளிப்புக்காக. இஞ்சியை அரைத்துச் சாறெடுத்துக் கலந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் கலவை திரிந்து, கசப்பேறிக் கிடந்தது. பச்சை இஞ்சிச் சாற்றில் பாலைத் திரியவைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால்தான் அது அடங்கும். கொதிக்கவைத்தோம். இந்த முறை திரியவில்லை, ஆனால் நெஞ்சுச் சளிக்குக் குடிக்கும் கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. மேடம் ரசித்துச் சாப்பிட்டார். என்னால் ஒரு கரண்டிக்கு மேல் முடியவில்லை.

அப்போதுதான் அவர் ஒரு விதி வைத்தார். "எனக்கு மட்டும் புடிச்சா அது மருந்து. உனக்கு மட்டும் புடிச்சா அது பழசு. ரெண்டு பேருக்கும் புடிக்கணும்."

அதிலிருந்து நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்துதான் சுவை பார்த்தோம். நான் மணத்தைச் சொல்வேன். அவர் குத்துவது, குளிர்வது, நொறுங்குவது, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைச் சொல்வார். மிளகைப் பொடியாகப் போட்டால் உடனே தொண்டையைப் பிடித்தது. ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால், குளிரில் மரத்த நாக்கு முதலில் எதையும் உணரவில்லை, ஐஸ்கிரீம் உருகி விழுங்கப்போகும் நேரத்தில் காரம் மெதுவாக ஏறியது. அதை வைத்துக்கொண்டோம். கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றைத் தனியாக உறையவைத்துச் சின்னச் சின்னப் பரல்களாக உடைத்துக் கலந்தோம், கடிக்கும்போது புளிப்பு வெடிக்கும். மொறுமொறுப்புக்குப் பொரித்த அவல். அது ஈரத்தில் நமத்துப்போனது. தேங்காய்க் கொழுப்பில் ஒருமுறை புரட்டியெடுத்தபோது நின்றது. மணத்துக்காக நான் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டேன். "அது உன் பங்கு. எனக்குத் தெரியப்போறதில்ல, நீயே அளவு சொல்லு" என்று விட்டுவிட்டார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

எத்தனை முறை கடைந்தோம் என்று தெரியாது. ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் கரண்டியை மறுபடி கப்புக்குள் விட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேடம் கப்பைக் காலி செய்தார்.

ஆனால் அவர் ஒருவர் சாப்பிட்டால் போதாது. அவர் ஆசையில் சாப்பிடுகிறாரா, உண்மையாகவே தெரிகிறதா என்று அவருக்கே சந்தேகம். அப்போது எனக்குக் குணாவின் ஞாபகம் வந்தது.

குணா எங்கள் லோரி ஓட்டுநர், பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து வருபவர். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். அவருக்கும் கோவிட் வந்துபோனதிலிருந்து பேச்சு குறைந்திருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒரு கப்பை எடுத்துக்கொண்டு சரக்கு ஏற்றும் மேடைக்குப் போனேன். மேடம் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டார்.

"குணா, இதைச் சாப்பிட்டுப் பாரு."

"எனக்கு வேணாங்க்கா. எதைச் சாப்பிட்டாலும் தண்ணி மாதிரிதான் இருக்கு. மூக்கு போயிருச்சு."

"தெரியும். அதனாலதான் உங்கிட்ட கொண்டாந்தேன். சும்மா ஒரு வாய்."

எனக்காக வாங்கி ஒரு கரண்டி வாயில் போட்டார். "சில்லுனு இருக்கு" என்றார். "புளிக்குது. கொஞ்சம்..." நிறுத்திவிட்டார். அவல் நொறுங்கியது. பிறகு அவர் கண் விரிந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அக்கா, ஏறுது!"

"என்ன ஏறுது?"

"தெரியலக்கா. இஞ்சியா? மிளகா? தெரியுதுக்கா, உள்ள என்னமோ நடக்குது!" அடுத்த கரண்டி, அதற்கடுத்தது. லோரியின் படியில் உட்கார்ந்துகொண்டு கப்பைச் சுரண்டித் தின்றார். முடித்துவிட்டு அந்தக் காலிக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம் பொண்டாட்டி தினம் ஆசையா சமைச்சு வெக்கிறா. நான் மேசையில உக்காந்து வேலை மாதிரி மென்னுட்டு எந்திரிச்சிர்றேன். அவ ஒண்ணும் சொல்லமாட்டா, நான் போனதுக்கப்புறம் அழுவா. இன்னொரு கப் இருக்காக்கா? அவளுக்குக் காட்டணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் மேடம் இல்லை. குளிர் அறைக்குள் போய், வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் ஐஸ் கட்டியைப் போட்டுக்கொண்டிருந்தார், குணாவுக்குக் கொடுக்க.

சிவபாலன் ஒரு கப் சாப்பிட்டார். யோசித்தார். "நோயாளிகளுக்கு எண்டு மூடியில எழுதினால் ஒருத்தரும் தொடமாட்டினம்" என்றார். "எழுதாட்டி, இது என்னெண்டு விளங்காது." கடைசியில் இஞ்சி மோர் என்று மட்டும் போட்டு, சின்னக் கப்பில், ஈப்போவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மட்டும் விற்பது என்று முடிவானது. தீபாவளிச் சுவை என்று விளம்பரம் செய்தார்கள். உண்மை குணாவின் வாயிலிருந்துதான் பரவியது. ஒவ்வொரு கடையிலும் சரக்கை இறக்கும்போது, "வாசனை தெரியாதவங்க யாராச்சும் இருந்தா இதைக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பத்து காஜாவில் ஒரு கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டு, ஒரு பெரியவர் தினமும் வந்து ஒரு கப் வாங்கி, வாசலில் நின்றே சாப்பிட்டுவிட்டுப் போகிறார், யாரிடமும் பேசுவதில்லை என்றார். ஒரு மருத்துவமனைத் தாதி தன்னோடு வேலை செய்பவர்களுக்கென்று மொத்தமாக வாங்கிப் போனார்.

கொய்யா அளவுக்கு அது விற்கவில்லை. ஆனால் சோதனைக்கூடத்தை மூடும் பேச்சு அதோடு நின்றது. காலம் போகப் போக இஞ்சி மோர் கேட்பவர்கள் குறைந்தார்கள். குணாவுக்கும் மூக்கு சரியானது. "இப்போ கொய்யாவே போதும்கா" என்று அவரே கூச்சத்தோடு சொன்னார். ஒருநாள் உற்பத்தியை நிறுத்தினோம். நல்ல காரணத்துக்காக நின்றுபோன ஒரே சுவை அதுதான் என்று மேடம் சொன்னார்.

அவருக்குத்தான் திரும்பவில்லை. நடுவில் ஒருமுறை கோணலாக வந்தது. காப்பி வாசனை, ரப்பர்க் கட்டி ஏற்றிப்போகும் லோரியின் பின்னால் போகிற மாதிரி நாறியதாம். ஈப்போவில் காப்பி மணக்காத தெரு ஏது? கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார். அதுவும் பிறகு அடங்கி, மறுபடி ஒன்றுமில்லாமல் போனது. எனக்கு ஒரு வருஷம் முன்னதாக அவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் பேசச் சொன்னபோது, சாப்பாட்டுக்கு நன்றி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பெர்ச்சாமில் இருக்கும் தன் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். நானும் ஓய்வு பெற்ற பிறகு அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். மூக்கைப் பற்றி நாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

அந்தப் பெண்கள் என் வீட்டுக்கு வந்துபோன சில நாட்களுக்குப் பிறகு, ஒரு காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மேடம்.

"லெச்சுமி! தீயுது!"

என் கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. "என்ன தீயுது? முதல்ல வெளியே வாங்க மேடம்! பக்கத்து வீட்டுல சொல்லுங்க!"

"கஞ்சி, லா! கஞ்சி அடிபுடிச்சிருச்சு. அடுப்புல வெச்சிட்டு முன் ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன். புகையைப் பாக்கல. சத்தமும் கேக்கல. மோந்துதான் எந்திரிச்சு வந்தேன், லெச்சுமி. மோந்து."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் மூச்சை ஆழமாக இழுப்பதும், இருமுவதும், மறுபடி இழுப்பதும் கேட்டது.

"மேடம், அடுப்பை அணைச்சீங்களா?"

"இரு, லா" என்றார். "இன்னும் கொஞ்சம் தீயட்டும்."